ஓர் எண்ணுக்குப் பதிலாக இன்னோர் எண்: ஓஷ்வியன்சிம் பயணக் குறிப்புகள்

ஆகஸ்ட் 11, கிராக்கோவ்

"கொலைக்களத்தில் என்ன திருவிழா வேண்டிக் கிடக்கிறது?" என்று, நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5-ஆம் தேதி நிறைவடைந்து, தெருவில் கட்டியிருந்த தோரண விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம் அது. சிரித்து மழுப்பிவிட்டுக் கிளம்பினேன். ஆனால் அந்தக் கேள்வி விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தது.

அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவப் பிரிவில் 31 ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என் அண்ணன் மகள் இங்கே கிராக்கோவில் முதுகலை படிக்கிறாள்; போலந்து மொழி அவளுக்கு ஓரளவு கைவந்திருக்கிறது. அவள் துணை இருக்கிறது என்ற தைரியத்தில், புனித மாக்சிமிலியன் மரிய கோல்பேயின் திருநாளான ஆகஸ்ட் 14-ஆம் தேதி, அவர் உயிர்விட்ட ஆஷ்விட்ஸ் முகாமிலேயே, அதாவது இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மானியர் நடத்திய வதைமுகாமிலேயே, நடக்கும் திருப்பலியில் பங்கேற்க வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

அந்தோனியாரையும் சவேரியாரையும் அறிந்த அளவுக்கு நம் ஊரில் கோல்பேயை அறிந்தவர்கள் குறைவு. 1894-இல் போலந்தின் ஸ்துன்ஸ்கா வோலாவில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பிரான்சிஸ்கன் துறவியாகி, அச்சு இயந்திரத்தையே தமது பிரசங்க மேடையாக ஆக்கிக்கொண்டவர். 1927-இல் வார்சாவுக்கு அருகே நியெபோகலானூவ் என்ற துறவியர் குடியிருப்பை, அதாவது அமலோற்பவ மாதாவின் ஊரை, உருவாக்கினார். 1930-இல் ஜப்பானின் நாகசாகிக்குப் போய் அங்கும் ஓர் இல்லம் தொடங்கினார். 1932-இல் எர்ணாகுளம் வரை வந்து, மலபாரில் ஓர் இல்லம் அமைக்க முயன்றார் என்பதும், அது கைகூடாமல் போயிற்று என்பதும் நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். நாளை காலை ஓஷ்வியன்சிம் புறப்படுகிறோம். இன்றைக்கு எழுத வேறொன்றும் இல்லை, கால் வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 12, ஹார்மென்ஷே

ஆஷ்விட்ஸ் என்பது ஜெர்மானியர் இட்ட பெயர். ஊரின் சொந்தப் பெயர் ஓஷ்வியன்சிம். கிராக்கோவிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரப் பயணம். பேருந்து நிறைய சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். முகாம் வாயிலில் எல்லோரும் இறங்கிவிட, ஊருக்குள் போகும் நாலைந்து பேரில் நாங்களும் இருந்தோம். சோவா நதி, சந்தைச் சதுக்கம், குழந்தைகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் செல்லும் தாய்மார், ஐஸ்கிரீம் கடையில் வரிசை என்று, எந்த ஐரோப்பியச் சிற்றூரையும் போலத்தான் இதுவும் இருக்கிறது. முகவரியில் இந்தப் பெயரை எழுதிக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவர்களிடம் கேட்கத் துணிவில்லை.

மாலையில் அருகிலிருக்கும் ஹார்மென்ஷே கிராமத்துக்குச் சென்றோம். போர்க்காலத்தில் கிராமத்தாரை வெளியேற்றிவிட்டு, கைதிகளை வைத்துக் கோழிப்பண்ணையும் மீன்குளங்களும் நடத்திய இடம் இது. இன்று இங்கே பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் புனித மாக்சிமிலியன் மையமும் ஒரு கோயிலும் இருக்கின்றன. திருநாளன்று காலை நடைப்பயணம் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதால் வழி பார்த்துவைக்கலாம் என்று வந்தோம். வந்த காரியம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் கோயிலுக்குக் கீழே இருக்கும் தளத்திலிருந்து நாங்கள் மேலே ஏறி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அந்தத் தளம் முழுவதும் மரியான் கொவோஜெய் என்பவர் வரைந்த ஓவியங்கள். 1940 ஜூன் 14-ஆம் தேதி தார்னூவ் நகரத்திலிருந்து 728 போலந்து அரசியல் கைதிகளை ஏற்றிக்கொண்டு ஆஷ்விட்ஸுக்கு வந்த முதல் ரயிலில் வந்தவர் அவர். அவருடைய கைதி எண் 432. உயிர் தப்பி, க்தான்ஸ்க் நகரில் புகழ்பெற்ற நாடக அரங்க வடிவமைப்பாளராக வாழ்ந்தார். 1987-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்நகருக்கு வந்தபோது, கப்பல் வடிவில் எழுப்பிய பீடம் இவர் கைவண்ணமே. ஆயினும் முகாமைப் பற்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் வாய் திறக்கவில்லை. 1993-இல் பக்கவாதம் தாக்கியது. செயலிழந்த கைக்குப் பயிற்சியாகப் பென்சிலைக் கையில் கட்டிக்கொண்டு கோடு இழுக்கத் தொடங்கினார். அந்தக் கோடுகள் முகாமாக விரிந்தன.

சுவரிலும் விதானத்திலும் முகங்கள். கறுப்பு வெள்ளைக் கோடுகளில், எலும்பும் பெரிய கண்களுமாக, ஒன்றின் மீது ஒன்றாக அடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான முகங்கள். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே முகம் போலத் தோன்றுகின்றன. நெருங்கிப் போனால் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை: ஒருவருக்குப் புருவம் உயர்ந்திருக்கிறது, ஒருவருக்கு உதடு கிழிந்திருக்கிறது, ஒருவர் நம்மைப் பார்க்காமல் பக்கத்திலிருப்பவரைப் பார்க்கிறார். பக்கவாதத்தில் நடுங்கும் கை ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரைய எத்தனை பொறுமை வேண்டியிருக்கும் என்பதை, அத்தகைய நோயாளிகளின் கையில் கரண்டி பிடிக்கவைத்துப் பழக்கியவள் என்ற முறையில் நான் சொல்ல முடியும். பல ஓவியங்களில் கோல்பே இருக்கிறார். அவரும் மற்றவர்களைப் போலவே எலும்பாகவே இருக்கிறார். கொவோஜெய் 2009-இல் காலமானார். அவருடைய அஸ்தி இந்தக் கோயிலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

வெளியே வந்தபோது குளங்களின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எரியூட்டப்பட்டவர்களின் சாம்பலை நதிகளிலும் சுற்றுவட்டாரக் குளங்களிலும் கொட்டினார்கள் என்று படித்திருந்ததால், அந்தத் தண்ணீரில் முகம் கழுவ மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 13, பிர்கெனாவ்

ஆஷ்விட்ஸ் என்று நாம் சொல்வது ஒரே இடமன்று. செங்கல் கட்டடங்கள் கொண்ட முதல் முகாம் ஊரை ஒட்டி இருக்கிறது; கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்துகிடக்கும் பிர்கெனாவ் அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கோல்பே இறந்தது முதல் முகாமில். பெருங்கொலைகள் நடந்தது பெரும்பாலும் பிர்கெனாவில். இந்த முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 13 லட்சம் பேரில் 11 லட்சம் பேர் மாண்டார்கள் என்றும், அவர்களில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள் என்றும் இங்குள்ள அருங்காட்சியகம் கணக்கிடுகிறது. எஞ்சியவர்கள் போலந்து நாட்டவர், ரோமா மக்கள், சோவியத் போர்க்கைதிகள் மற்றும் பிறர்.

கத்தோலிக்கத் திருநாளுக்காக வந்திருப்பவள் என்பதால், இந்தக் கணக்கை நான் முதலில் எழுதிவைக்க வேண்டியவளாகிறேன். இந்த மண்ணின் துயரத்தில் மிகப் பெரிய பங்கு யூத மக்களுடையது. 1984-இல் கார்மேல் சபைக் கன்னியர் முதல் முகாமின் சுவரை ஒட்டிய ஒரு கட்டடத்தில் மடம் அமைத்தபோது எழுந்த சர்ச்சை, 1993-இல் திருத்தந்தையே அவர்களை வேறிடத்துக்குச் செல்லுமாறு கேட்டுக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது. செபிக்கத்தானே வந்தார்கள், அதில் என்ன தவறு என்று அந்நாளில் நானும் நினைத்திருப்பேன். இன்று அந்தப் புல்வெளியில் நின்றபோது, பிறர் வீட்டு இழவில் நம் வீட்டு ஒப்பாரியை உரக்கப் பாடலாகாது என்று தோன்றியது. நான்கு நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 9-ஆம் தேதி, திருஅவை நினைவுகூர்ந்த புனித எடித் ஸ்டைன் 1942-இல் இங்கேதான் கொல்லப்பட்டார். அவர் கார்மேல் சபைக் கன்னியர். ஆனால் கொல்லப்பட்டது யூத இரத்தம் என்பதற்காக. அவரை நம்முடையவர் என்று சொல்லும்போது, அந்த இரண்டாம் பாதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் பிர்கெனாவுக்கு வந்தது இன்னொருவரைத் தேடி. அவர் என் தொழிற்காரி.

ஸ்தானிஸ்வாவா லெஷ்சின்ஸ்கா, வூட்ச் நகரத்து மருத்துவச்சி. நான்கு பிள்ளைகளின் தாய். 1943 ஏப்ரலில் தம் மகளோடு இங்கே கொண்டுவரப்பட்டார். பெண்கள் முகாமில் பிரசவம் பார்க்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. போருக்குப் பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய அறிக்கை, நான் படித்த பிரசவக் குறிப்பேடுகளிலேயே கொடுமையானது. கொட்டகையின் நீளத்துக்கும் ஓடும் செங்கல் அடுப்புக் குழாய்தான் பிரசவ மேசை. சீலைப்பேன், எலி, வயிற்றுப்போக்கு, டைபஸ். ஆண்டில் சில முறைதான் அடுப்பு மூட்டப்படும். பிரசவத்துக்கு நாள் நெருங்கும் பெண், தன் ரொட்டிப் பங்கைப் பல நாள் விட்டுக்கொடுத்து ஒரு போர்வை விரிப்பை வாங்கி, அதைக் கிழித்துக் குழந்தைக்குத் துணியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நிலையில் அவர் 3,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தார். பிரசவத்தின்போது தாயோ சேயோ ஒருவர்கூட இறக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். முகாம் மருத்துவர் கேட்டபோது இதையே அவர் சொல்ல, ஜெர்மனியின் மிகச் சிறந்த மருத்துவமனைகள்கூட இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது என்றாராம் அந்த மருத்துவர். அந்தப் பார்வையில் வெறுப்பும் பொறாமையும் இருந்தன என்று குறித்திருக்கிறார். பிரசவப் பிரிவில் வேலை செய்தவர்கள் இந்த வரியில் ஒரு கணம் நிற்பார்கள். சுத்தமான கத்தரிக்கோல், வெந்நீர், ஆக்ஸிடோசின் ஊசி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நாங்கள் இழந்த தாய்மார்களின் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

பிறந்த பிறகு நடந்ததுதான் கொடுமை. 1943 மே மாதம் வரை பிறந்த குழந்தைகள் அனைத்தும் ஒரு பீப்பாயில் அமிழ்த்திக் கொல்லப்பட்டன. அதன் பிறகும் யூதக் குழந்தைகளுக்கு அதே கதிதான். ஏனையவற்றில் பெரும்பாலானவை பசியிலும் குளிரிலும் இறந்தன. வெளிர்நிறக் கண் கொண்ட சில நூறு குழந்தைகளை ஜெர்மானியராக வளர்ப்பதற்காகத் தாயிடமிருந்து பிடுங்கிச் சென்றார்கள். அவருடைய கணக்கில், முகாமிலிருந்து உயிரோடு வெளியேறிய குழந்தைகள் ஏறத்தாழ 30 மட்டுமே.

அப்படியானால் அவர் ஏன் ஒவ்வொரு பிரசவத்தையும் அவ்வளவு கவனமாகப் பார்த்தார்? சில மணி நேரத்தில் கொல்லப்படப்போகும் குழந்தையின் தொப்புள்கொடியை எதற்காக முறையாகக் கட்ட வேண்டும்? என் அண்ணன் மகள் இதைக் கேட்டாள். அவள் புள்ளியியல் படிக்கிறவள். பயன் என்ன என்று கேட்பது அவளுக்குப் பழக்கம். தொழில் என்பது அப்படித்தான் என்று சொன்னேன். அது முழுப் பதிலாகாது என்று எனக்கே தெரிந்திருந்தது. குழந்தையைக் கையில் ஏந்துகிறவள், அது எத்தனை நாள் இருக்கும் என்று பார்த்து ஏந்துவதில்லை. பிறந்து இருபது நிமிடமே உயிரோடு இருந்த குழந்தைக்கும் நாங்கள் எடை பார்த்து, நேரம் குறித்து, மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறோம். பட்டையில் எண் இருக்கும். எண்ணுக்கு மேலே "இன்னாரின் குழந்தை" என்று தாயின் பெயர் இருக்கும். குழந்தை மாறிவிடக் கூடாது என்பதற்காக அந்த எண். தாயின் பெயர் இல்லாமல் வெறும் எண்ணாக ஒரு பட்டையைக் கட்ட எங்கள் தலைமைச் செவிலி விட்டதே இல்லை.

இங்கே குழந்தைகளுக்கும் எண்ணைத்தான் பச்சை குத்தினார்கள். கை சிறிதாக இருந்ததால் தொடையில். ஆனால் லெஷ்சின்ஸ்காவும் அவருடன் இருந்தவர்களும் வேறொரு பச்சையும் குத்தினார்கள். ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்படும் குழந்தைகளுக்கு, காவலர் கண்ணில் படாதபடி ஒரு சிறு அடையாளம். என்றாவது ஒரு நாள் தாய் தன் பிள்ளையைக் கண்டுபிடிப்பாள் என்ற நம்பிக்கையில் குத்திய அடையாளம். ஒரே ஊசி, ஒரே மை.

லெஷ்சின்ஸ்கா 1974-இல் காலமானார். அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான முயற்சி நடந்துவருகிறது. இறை ஊழியர் என்று திருஅவை அவரை அழைக்கிறது. செங்கல் கொட்டகை ஒன்றுக்குள் அந்த அடுப்புக் குழாய் இன்னும் இருக்கிறது. என் இடுப்பு உயரம்கூட இல்லை. குனிந்து நின்று பிரசவம் பார்த்தால் முதுகு என்னவாகும் என்றுதான், வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் தோன்றியது.

ஆகஸ்ட் 14, திருநாள்

காலையில் ஹார்மென்ஷே கோயிலில் 'திரான்சித்துஸ்' என்ற வழிபாடு நடந்தது. கடந்துபோதல் என்று பொருள். பிரான்சிஸ்கன் மரபில் துறவியின் மரணத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். கோல்பேயின் கடைசி நாட்களை நேரில் கண்டவர்களின் சாட்சியங்களைப் படித்தார்கள், இடையிடையே பாட்டு. பிறகு பதாகைகளோடு, செபமாலை சொல்லிக்கொண்டு முகாமை நோக்கி நடந்தோம். நம் ஊர்ப் பாதயாத்திரையில் வழியெங்கும் மோர்ப் பந்தல் இருக்கும். இங்கே அவரவர் தண்ணீர் அவரவர் தோளில். எனக்கு முன்னால் ஒரு முதியவர் இரண்டு ஊன்றுகோல்களோடு நடந்தார். அவரை முந்தக் கூடாது என்று எனக்கு ஏனோ தோன்றியதால், நான் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன்.

திருப்பலி பதினொன்றாம் கட்டடத்தின் அருகே. கைதிகள் அதை மரணக் கட்டடம் என்று அழைத்தார்கள். பக்கத்து முற்றத்தில்தான் கைதிகளைச் சுட்டுக் கொன்ற சுவர் இருக்கிறது. அருள்பணியாளர்கள் அனைவரும் மறைசாட்சிக்குரிய சிவப்புத் திருவுடையில் இருந்தார்கள். நற்செய்தி யோவான் 15: நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்ற பகுதி. அதைக் கேட்டபோது ஒன்று உறைத்தது. கோல்பே காப்பாற்றியவர் அவருக்கு நண்பர் அல்லர்.

நடந்ததை, அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். 1941 பிப்ரவரி 17-ஆம் தேதி கைது செய்யப்பட்ட கோல்பே, மே 28-ஆம் தேதி இங்கே கொண்டுவரப்பட்டு 16670 என்ற எண்ணைப் பெற்றார். ஜூலை இறுதியில் ஒரு கைதி தப்பிவிட்டதாகத் தெரியவந்தது. தப்பியவரின் பிரிவைச் சேர்ந்தவர்களை வரிசையில் நிறுத்தி, அவர்களில் 10 பேரைப் பட்டினி போட்டுக் கொல்வதற்காகத் துணைத் தளபதி கார்ல் ஃபிரிட்ஸ் தேர்ந்தெடுத்தான். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர் போலந்துப் படையின் சார்ஜென்ட் ஃபிரான்சிஷெக் கயோவ்னிசெக், எண் 5659. தன் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அவர் கதறினார். வரிசையிலிருந்து கோல்பே வெளியே வந்தார். அதுவே சுட்டுக் கொல்லப்படத் தக்க குற்றம். தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்றும், மனைவி மக்கள் உள்ள இந்த மனிதருக்குப் பதிலாகத் தாம் சாக விரும்புவதாகவும் சொன்னார். ஃபிரிட்ஸ் ஒப்புக்கொண்டான்.

இந்தக் கதையைச் சிறு வயது முதல் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறேன். ஃபிரிட்ஸ் ஏன் ஒப்புக்கொண்டான் என்று யோசித்ததில்லை. இரக்கமாக இருக்க வழியில்லை. இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பியிருந்தாலும் அவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று அந்த முற்றத்தில் வெயிலில் நின்றபோது எனக்குப் பட்டது இது: அவனுக்கு வேண்டியது பத்து என்ற தொகை. 5659-ஐ அடித்துவிட்டு 16670 என்று எழுதினாலும் தொகை பத்துதான். ஒருவனுக்கு இன்னொருவன் ஈடு என்பதுதான் முகாமின் கணக்கு. அந்தக் கணக்கின் வாசல் வழியாகவே கோல்பே உள்ளே நுழைந்தார். ஆனால் அவர் கேட்டது இந்த மனிதனுக்கு ஈடு கிடையாது என்பதற்காக. இவன் ஒருத்தியின் கணவன், இரண்டு பையன்களின் தகப்பன். எழுத்தனின் ஏட்டில் ஓர் எண் மாறியது. அவ்வளவுதான் முகாமுக்குத் தெரிந்தது.

பதினொன்றாம் கட்டடத்தின் நிலவறையில், 18-ஆம் எண் அறையில் அந்தப் பத்துப் பேரையும் அடைத்தார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த கைதி புரூனோ போர்கோவியெட்ஸ் பின்னாளில் சாட்சியம் அளித்தார்: அறையிலிருந்து செபமும் பாட்டும் கேட்டன என்றும், மற்றவர்கள் தரையில் கிடந்தபோதும் கோல்பே நின்றோ முழந்தாளிட்டோ இருந்தார் என்றும், இரண்டு வாரம் கழித்தும் நான்கு பேர் உயிரோடிருந்தார்கள் என்றும். அறை வேறு ஆட்களுக்குத் தேவைப்பட்டதால், ஆகஸ்ட் 14 அன்று அந்த நால்வருக்கும் ஃபீனால் என்ற நச்சு ஊசி போட்டுக் கொன்றார்கள். கோல்பே தாமே கையை நீட்டினாராம். என் வாழ்நாளில் ஊசிக்காக என்னிடம் நீட்டப்பட்ட கைகள் எத்தனை இருக்கும்! இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், ஊசி போட்டவனின் கையைப் பற்றித்தான் நான் அதிகம் நினைக்கிறேன்.

அவர் மறைசாட்சியா என்பதில் உரோமையிலேயே நீண்ட விவாதம் இருந்தது. விசுவாசத்தின் மீதான வெறுப்பினால் கொல்லப்பட்டவரே மறைசாட்சி என்பது பழைய இலக்கணம். கோல்பேயிடம் யாரும் விசுவாசத்தை மறுதலிக்கச் சொல்லவில்லை. எனவே 1971-இல் ஆறாம் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தபோது, மறைசாட்சி என்ற நிலையில் அளிக்கவில்லை. 1982 அக்டோபர் 10-ஆம் தேதி புனிதர் பட்டம் அளித்த இரண்டாம் யோவான் பவுல், வல்லுநர்களின் கருத்தை மீறி, அவரை மறைசாட்சியாகவே வணங்க வேண்டும் என்று அறிவித்தார். ஒரு மனிதக் கூட்டத்தையே மனிதரல்லர் என்று ஒதுக்கி அழிக்கும் அமைப்பு, மனிதனைப் படைத்தவரையும் வெறுக்கிறது என்பதே அந்த முடிவுக்குள் இருக்கும் வாதம் என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்தத் திருத்தந்தை பிறந்த வாதோவிட்சே இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். மனித உயிரின் புனிதம் பற்றி 1995-இல் அவர் எழுதிய சுற்றுமடலைப் படிக்கிறவர்கள், அது கருக்கலைப்பையும் கருணைக்கொலையையும் பற்றியது என்று சொல்லி மடித்துவைத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கங்களை எழுதியவர் எந்த ஊர்க்காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர் என்பதை இங்கே நின்று யோசித்தால், அவர் பிடிவாதத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது.

கோல்பேயிடம் குறையே இல்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகும். அவருடைய அச்சகத்திலிருந்து வந்த இதழ்களில் யூதர் மீதான காழ்ப்பைச் சுமந்த எழுத்துகள் இருந்தன. அவருடைய சொந்த எழுத்திலும் அந்தக் காலத்தின் கறை உண்டு. போர் மூண்ட பிறகு அதே நியெபோகலானூவ், யூதர்கள் உட்பட ஏராளமான அகதிகளுக்கு இடமும் உணவும் கொடுத்தது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க முடியாது. புனிதர்களை மெழுகுப் பொம்மையாக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கொவோஜெய் வரைந்த எலும்புக்கூடு எனக்கு அதைவிட நெருக்கமாக இருக்கிறது.

திருப்பலி முடிந்து நிலவறைக்குள் வரிசையாக இறங்கினோம். அங்கே புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. பேசவும் யாருக்கும் தோன்றவில்லை. 18-ஆம் அறையின் கம்பிக் கதவுக்கு அப்பால், 1979-இல் இரண்டாம் யோவான் பவுல் வைத்துச் சென்ற பாஸ்கா மெழுகுதிரி இருக்கிறது. எங்கள் வீட்டுச் சமையலறையைவிடச் சிறிய அறை. பத்துப் பேர். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் இங்கே வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அமர்ந்திருந்துவிட்டுப் போனார்.

வரிசை நகர்ந்துகொண்டே இருந்ததால் எனக்குக் கிடைத்தது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் நான் கோல்பேயை நினைக்கவில்லை. மற்ற ஒன்பது பேரை நினைத்தேன். அவர்களுக்குப் பதிலாக யாரும் வெளியே வரவில்லை. அவர்களுக்குத் திருநாளும் இல்லை. அவர்களும் யாரோ ஒருத்தியின் பெயர் எழுதிய பட்டையோடு உலகத்துக்கு வந்தவர்கள்தாம். கோல்பே அவர்களோடு அடைபட்டுக் கிடந்த இரண்டு வாரமும், அவர் காப்பாற்றிய ஒருவருக்காக மட்டும் செலவானது என்று நான் நினைக்கவில்லை. அவர் இறந்த சில வாரங்களில், இதே நிலவறையில், சைக்ளோன்-பி நச்சுவாயுவைக் கொண்டு சுமார் 600 சோவியத் போர்க்கைதிகளையும் நோயுற்ற சுமார் 250 போலந்துக் கைதிகளையும் கொன்று முதல் பெரிய சோதனையை நடத்தினார்கள். அந்த வாயுவை மனிதர்மீது பயன்படுத்தும் யோசனையிலும் ஃபிரிட்ஸின் கை இருந்தது. கோல்பேயின் செயல் முகாமை ஒரு நாள்கூட நிறுத்திவைக்கவில்லை.

கயோவ்னிசெக் உயிர் பிழைத்தார். மனைவி ஹெலெனாவிடம் திரும்பினார். ஆனால் எந்தப் பிள்ளைகளுக்காகக் கதறினாரோ, அந்த இரண்டு மகன்களும் 1945 ஜனவரியில் குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தார்கள். இது தெரிந்தபோது என் அண்ணன் மகள் முகாம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்போ எதுக்கு அத்தை?" என்றாள்.

கயோவ்னிசெக்கையும் இந்தக் கேள்வி பல காலம் வருத்தியிருக்கிறது. ஆயினும் அவர் 93 வயது வரை வாழ்ந்தார். 1971-இலும் 1982-இலும் உரோமைக்குப் போய், தம் இடத்தில் இறந்தவர் பீடத்துக்கு உயர்த்தப்படுவதைப் பார்த்தார். 1995 மார்ச்சில் காலமாகி, கோல்பே உருவாக்கிய நியெபோகலானூவிலேயே அடக்கமானார். உயிரின் புனிதம் பற்றிய அந்தச் சுற்றுமடல் வெளியானது அவர் இறந்து பன்னிரண்டாம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று.

"அம்பத்து மூணு வருஷம், பிள்ளை," என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 15, ஓஷ்வியன்சிம்

தேவதாயின் விண்ணேற்புப் பெருவிழா. போலந்தில் இது அரசு விடுமுறை, கடைகள் மூடியிருக்கின்றன. நேற்று வாங்கிவைத்த ரொட்டியும், ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயும்தான் காலை உணவு.

இந்த ஊரின் பழைய பங்குக் கோயில் விண்ணேற்பு மாதாவுக்கே நேர்ந்தது. போலந்து மக்கள் இந்நாளை மூலிகை மாதா திருநாள் என்றும் சொல்கிறார்கள். பாட்டிமாரும் சிறு பெண்களும் கோதுமைக் கதிர், கசகசாக் காய், காட்டுப்பூ, மூலிகைத் தழை எல்லாவற்றையும் கொத்தாகக் கட்டிக் கையில் ஏந்தி வந்து மந்திரிக்கக் கொடுக்கிறார்கள். கோயில் முழுக்க வைக்கோலும் துளசியும் கலந்தது போன்ற ஒரு வாசம். 1941-இல் இதே நாளில், இந்தக் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கோல்பேயின் உடலை எரித்தார்கள். அவருடைய உடலின் பொருளாக இன்று எஞ்சியிருப்பது, நியெபோகலானூவில் முடிதிருத்தும் பணி செய்த சகோதரர்கள் அவருக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்துவைத்த தாடி மயிர் மட்டுமே. பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. இந்தப் பூங்கொத்துகளில் ஒன்றை வாங்கிப்போக முடிந்தால் நன்றாக இருக்கும், ஆனால் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

திருப்பலியின் நடுவே ஒரு திருமுழுக்கு இருந்தது. பெற்றோர் குழந்தையோடு முன்னால் வந்து நின்றார்கள். திருமுழுக்குச் சடங்கில் குருவின் முதல் கேள்வி எந்த மொழியிலும் ஒன்றே என்பதால், எனக்கும் புரிந்தது: இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? தாய் பதில் சொன்ன நேரத்தில் குழந்தை வீரிட்டு அழுதது. நல்ல நுரையீரல். பெயர் எனக்குக் கேட்கவில்லை.

"மாக்சிமிலியன்னா சொன்னாங்க?" என்று அண்ணன் மகளின் காதில் கேட்டேன்.

"இல்ல அத்தை, பொம்பளப் பிள்ளை. ஹன்னா."